தேங்காய்ப்பால் சோப்பும் சாத்திய ஜன்னலும்

எண்ணூரில், கெமிக்கல் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் தெருவில் மூக்கைக் குத்தும் வாடை வந்தால் யாரும் யோசிப்பதில்லை; கை தானாக ஜன்னலைச் சாத்தும். அந்தப் பழக்கமே ஒருநாள் என் மகளுக்கு எமனாகப் பார்த்தது.

அவளுடைய சொறிக்காக வீட்டிலேயே சோப்பு செய்ய நினைத்தேன். அப்போதுதான் பிழிந்த தேங்காய்ப்பாலில் காஸ்டிக் சோடாவை மொத்தமாகக் கொட்டிவிட்டு, துணி மடிக்க உள்ளறைக்குப் போனேன். சிறிது நேரத்தில் அமோனியா வாடை வந்தது. ஏதோ கம்பெனியில் கேஸ் கசிகிறது என்று எல்லா ஜன்னலையும் சாத்தினேன். வாடை இன்னும் ஏறியது. தூங்கிக்கொண்டிருந்த மகள் இருமி எழுந்து, கண்ணைத் திறக்க முடியாமல் அழுதாள். ஈரத்துண்டால் அவள் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன்.

அழுகை கேட்டு எதிர்வீட்டு மேரி அக்கா கதவைத் தட்டினார்.

"இன்னாத்துக்குடி சாத்திகினு கீற? வெளில ஒண்ணும் இல்ல. நாத்தம் உன் வூட்லேர்ந்துதான் வருது."

சமையலறையில் பால் ஆரஞ்சு நிறத்தில் திரிந்து கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை நான் பற்றவைக்கவே இல்லை; சோடாவின் சூடே பாலைக் கொதிக்கவைத்து அந்த வாடையைக் கிளப்பியிருந்தது.

இப்போது பாலை ஐஸ்கட்டியாக்கி, மொட்டைமாடியில் வைத்து, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறேன். வாடை வந்தால் முதலில் என் பாத்திரத்தைப் பார்க்கிறேன். வாடை அதிலிருந்து வரவில்லையென்றால்தான் ஜன்னலைச் சாத்துகிறேன்.

போன வாரம் மூன்று முறை சாத்தினேன்.