பின்பக்கம் சுற்றிய சக்கரம்

தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. பள்ளிச் சீருடை தைத்துத்தான் தன்னையும் தங்கையையும் காப்பாற்றி வந்தாள். மாடியறையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் தையல் மிஷின் ஊசியை ஒரு துண்டுத் துணியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போவாள்.

அன்று பட்டன் வாங்கித் திரும்பியபோது ஊசி மேலே நின்றது. அடியில் நூல் கொத்தாகச் சிக்கிக் கிடந்தது. சக்கரத்தைப் பின்பக்கம் சுற்றினால் அப்படித்தான் ஆகும். தைக்கத் தெரிந்தவர் சுற்றமாட்டார். கதவுப் பூட்டில் கீறல்கூட இல்லை. இன்னொரு சாவி கீழே இருக்கும் வீட்டுக்காரரிடம்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தங்கைக்கு அடுத்த வாரத்திலிருந்து ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. பகலில் இங்கே தனியாகத் தூங்குவாள்.

வாசலில் இஸ்திரி போடுகிறவரிடம் சொன்னாள்.

"பேசாம இரும்மா. வாயத் தொறந்தா காலி பண்ணச் சொல்லுவாரு. இந்த வாடகைக்குப் பொம்மை வீடுகூடக் கிடைக்காது" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சிக்கிய நூலை வெட்டியெடுத்துவிட்டு மாலைவரை தைத்தாள். பிறகு போய் வீட்டுக்காரர் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, நான் இல்லாதப்ப மேல வந்தீங்களா?"

"மேல ஒழுகுதான்னு பாத்தேன். என் வீட்டுக்குள்ள நான் வரக்கூடாதா?"

"ஒழுகுறது என் மிஷின்லயாண்ணே?"

அவர் முகம் கறுத்தது. "வாய் நீளுது. பிடிக்கலன்னா காலி பண்ணு."

நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். "முறையா சொல்லுங்க, போறேன். இருக்கிறவரைக்கும் முன்னாடியே சொல்லிட்டு, நான் இருக்கும்போது வாங்க. அந்தச் சாவியக் குடுத்துடுங்க."

"குடுக்க முடியாது."

"அப்ப பூட்ட மாத்துறேன்."

மாற்றினாள்.

தங்கை முதன்முறை பகலில் தூங்கியபோது, தைத்த சீருடைகளைக் கொடுக்கப் போகாமல் இவள் உட்கார்ந்திருந்தாள். படியில் காலடி. பூட்டில் சாவி நுழைந்தது, திரும்பவில்லை. மறுபடியும் முயன்றது. மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்தாள். தங்கை எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

நெடுநேரம் கழித்துக் கதவு தட்டும் சத்தம். "நான்தாம்மா. ஒழுகுதா பாக்கணும்."

அவள் கதவருகே போனாள். "இப்ப முடியாதுண்ணே. சாயந்திரம் வாங்க."

ஒருவழியாகக் காலடி இறங்கியது.

"போயிட்டாராக்கா?"

"போயிட்டாரு." ஊசியைத் துணியில் இறக்கிவிட்டு, சீருடை மூட்டையை எடுத்துக்கொண்டாள். "நான் வெளியே போனதும் உள்தாழ்ப்பாள் போட்டுக்கோ. என் குரல் கேட்டாத்தான் தொறக்கணும்."

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும்வரை படியிலேயே நின்றாள்.