ஆயிரத்து நானூறு டொலர் ஆந்தை

சிட்னியில் சிவனேஸ்வரியைத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவளை "நாலு டொலர்" என்றுதான் சொன்னார்கள். முகத்துக்கு நேரே சொல்லவில்லை. கோயில் வாசலில் அவள் குனிந்து செருப்பைக் கழற்றும்போது பின்னாலிருந்து சொன்னார்கள். அவளுக்குக் காது நல்லாகவே கேட்கும்.

தெய்வத்துக்குப் பொதுவாகச் சொன்னால் அவள் கஞ்சத்தனம் பிடித்தவள் இல்லை. எண்பத்தொன்பதில் புருஷன் அரியரத்தினத்தோடும் கைக்குழந்தையோடும் வந்து இறங்கியவள். படித்தது ஐந்தாம் வகுப்பு. நார்த்மீட்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயில், மச்சம் மாமிசம் இல்லை. யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளுக்கு அந்தப் பெயரை வைத்தவள் விமலாதேவி, அரியரத்தினத்தின் கூடப்பிறந்த அக்கா.

அது இரண்டாயிரத்து ஐந்தில் நடந்தது. விமலாதேவியின் மூத்தவன் எஞ்சினியராகப் பட்டம் வாங்கினான். நல்ல பேனை ஒன்று கொடுக்க ஆசைப்பட்டுச் சிவனேஸ்வரி பரமட்டாக் கடைகளில் ஏறி இறங்கினாள். நூற்றிருபதுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மகள் ரஞ்சினிதான் கொம்பியூட்டரில் தேடி, ஹொங்கொங்கில் ஒரு கடையைப் பிடித்துக் கொடுத்தாள். மரப்பெட்டிக்குள் பேனை, பெயரும் வெட்டித் தருவார்கள், விலை முப்பத்தெட்டு டொலர். நேரே மாமி வீட்டுக்கே அனுப்பி விடுவார்களாம். இரண்டரை மணித்தியாலம் விரிப்பு மடித்த காசு. சிவனேஸ்வரி சந்தோஷமாகக் கொடுத்தாள்.

வெளிநாட்டுப் பார்சலில் பச்சைத் துண்டு ஒன்று ஒட்டி வரும் என்பதோ, உள்ளே என்ன, என்ன பெறுமதி என்று அதில் எழுதியிருக்கும் என்பதோ அவளுக்குத் தெரியாது. சுங்கக்காரர் தொந்தரவு செய்யக்கூடாது என்று கடைக்காரன் தானாகவே விலையைக் குறைத்து எழுதியிருந்தான்.

பட்டத்தைக் கொண்டாடிய விருந்து மண்டபத்தில் இருநூறு பேர். விமலாதேவி மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பரிசாக உயர்த்திக் காட்டினாள்.

"இது எங்கட சிவனேசு மாமியின்ர. பேனை. பெறுமதி எவ்வளவு சொல்லுங்கோ பாப்பம்? நாலு டொலர்!"

மண்டபம் சிரித்தது.

"இல்லை மச்சாள், முப்பத்தெட்டுக் குடுத்தனான்," என்று சிவனேஸ்வரி எழும்பி நின்று சொன்னாள்.

"அப்ப துண்டு பொய் சொல்லுதோ? நீ பொய் சொன்னாலும் துண்டு சொல்லாது!"

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அன்றைக்குச் சோற்றில் கை வைக்காமல் வீட்டுக்கு வந்தவள், இரண்டு வருஷமாக ஒவ்வொரு விரிப்பையும் விமலாதேவியின் கழுத்தை நினைத்துக்கொண்டே முறுக்கி மடித்தாள். கோயிலில் மற்றவர்கள் பிள்ளைகுட்டியின் சுகத்தைக் கேட்டபோது இவள் கேட்டது வேறு. "முருகா, ஒரேயொருக்கா அவவும் அந்த மண்டபத்தில அப்பிடி நிக்க வேணும். ஒருக்கா மட்டும்."

இரண்டாயிரத்து ஏழு கார்த்திகையில் தொலைபேசி அடித்தது.

"சிவனேசு, சின்னவன் சிறிதரனும் முடிச்சிட்டான். டொக்டர்! பார்ட்டி அடுத்த மாசம். இந்த முறை நாலு டொலருக்கு மேல பாத்துச் செய், என்ன?"

விமலாதேவி சிரித்து முடிக்கும்வரை சிவனேஸ்வரி பொறுமையாகக் காத்திருந்தாள். "ஓம் மச்சாள், வடிவாச் செய்யிறன்," என்று சொல்லி வைத்தாள். வைத்த கையோடு மகளைக் கூப்பிட்டாள்.

ரஞ்சினி பக்கம் பக்கமாகத் திறந்து காட்டினாள். பட்டத்தொப்பி போட்ட கரடிப் பொம்மை வந்தது. தங்கம்போல மினுங்கும் கைக்கடிகாரம் வந்தது. பெயர் எழுதிய கண்ணாடிப் பலகை வந்தது. தாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தாள். பிறகு ஒன்று வந்தது. ஒரு முழம் உயரம், வெண்கல நிறம், தலையில் பட்டத்தொப்பி, காலடியில் புத்தகம், இரண்டு உருண்டைக் கண்.

"நிப்பாட்டு. உது என்ன?"

"ஆந்தை அம்மா. இங்க ஆந்தை எண்டா வைஸ், நல்ல அறிவாம். எல்லாரும் கிறாஜுவேஷனுக்குக் குடுப்பினம்."

"இஞ்ச அப்பிடி. உன்ர மாமி வீட்டில எப்பிடி?"

ரஞ்சினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தின வருஷம் விமலாதேவியின் பின்வளவு யூக்கலிப்ரஸ் மரத்தில் ஆந்தை ஒன்று இரண்டு நாள் குந்தியிருந்தது. வீட்டில் சா விழப் போகுது என்று விமலாதேவி உடுப்பைக் கட்டிக்கொண்டு இவர்கள் வீட்டுக்கு ஓடிவந்து மூன்று நாள் கிடந்தாள். பிறகு ஆள்பிடித்து மரத்தையே தறித்தாள்.

ஆந்தையின் விலை பத்தொன்பது டொலர்.

"வாங்கு. கடைக்காரனுக்கு ஒரு கடிதமும் எழுது. பச்சைத் துண்டில ஆயிரத்து நானூறு டொலர் எண்டு போடச் சொல்லு."

சலவைக்கூடத்தில் கூட வேலை செய்யும் பிலிப்பீன்ஸ்காரி சொல்லியிருந்தாள்: ஆயிரத்துக்கு மேல் போனால் சுங்கத்தில் பிடித்து வைப்பார்கள், பெறுகிறவர் வரி கட்டித்தான் எடுக்க வேண்டும்.

"அம்மா! தட்ஸ் லையிங். பொய்யெல்லோ."

"முப்பத்தெட்டை நாலெண்டு எழுதேக்க ஒருத்தரும் லையிங் எண்டு சொல்லேல்லையே. எழுது பிள்ளை."

இப்படி ஒருவரும் இதுவரை கேட்டதில்லை, ஆனாலும் போடுகிறேன் என்று கடைக்காரன் பதில் அனுப்பினான். அந்த வெள்ளிக்கிழமை சிவனேஸ்வரி நெய்விளக்கு ஏற்றினாள். பொய்க்கு மன்னிப்புக் கேட்டாள். பார்சல் பிடிபட வேண்டும் என்றும் கேட்டாள்.

பிடிபட்டது.

"சிவனேசு! கஸ்டம்ஸால கடிதம் வந்திருக்கு. ஆயிரத்து நானூறாம்! என்னடியப்பா அனுப்பினனி?"

"சின்னச் சாமான்தான் மச்சாள்."

"வரி, அது, இதெண்டு இருநூற்றுச் சொச்சம் கேக்கிறாங்கள். விலை பிழையெண்டா பில்லைக் காட்டட்டாம்."

சிவனேஸ்வரி குரலைத் தணித்தாள். "பில் வேணுமோ மச்சாள்?"

"சீச்சீ! பரிசு தந்தவளிட்ட பில் கேக்கிற குடும்பமோ நாங்கள்?"

வரியைக் கட்டிப் பெட்டியை எடுத்தாள் விமலாதேவி. பிரிக்கவில்லை. மண்டபத்தில் எல்லார் முன்னாலும் பிரிப்பதற்காக வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் தொலைபேசி எடுத்து ஆயிரத்து நானூறு என்று சொன்னாள்.

பார்ட்டி நாளில் அந்தப் பெட்டி கடைசியாக மேடைக்கு வந்தது. விமலாதேவி முதலில் பச்சைத் துண்டை வாசித்தாள். சனம் கைதட்டியது. பிறகு பெட்டியைக் கிழித்து, உள்ளே இருந்ததைத் தூக்கினாள்.

கைதட்டல் நின்றுவிட்டது. முன்வரிசையில் யாரோ "சிவ சிவா" என்றார்கள். சிறிதரன் மட்டும் "கூல்!" என்று ஆந்தையை வாங்கி மேசையில் வைத்தான். அதன் இரண்டு கண்ணும் தாயையே பார்த்தன.

சிவனேஸ்வரி சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மேடைக்கு ஏறினாள். விமலாதேவி மைக்கைக் கையால் பொத்தினாள்.

"என்னடி இது? இருபது டொலரும் பெறாது!"

"பத்தொன்பது மச்சாள்."

"அப்ப துண்டு?"

"துண்டு பொய். மைக்கில அதைச் சொல்லுங்கோ. ஆந்தையின்ர துண்டு பொய்யெண்டா, பேனையின்ர துண்டும் பொய்தானே? முப்பத்தெட்டுக் குடுத்தவளைப் பாத்து இருநூறு பேருக்கு முன்னால சிரிச்சனான் எண்டு சொல்லுங்கோ. இப்பவே இதைத் தூக்கிக்கொண்டு போறன்."

விமலாதேவி வாயைத் திறந்தாள். சொன்னால், பத்தொன்பது டொலர் ஆந்தைக்கு இருநூறு டொலர் வரி கட்டியவள் என்று நாளைக்குச் சிட்னி முழுக்கச் சிரிக்கும். வாயை மூடினாள்.

முன்வரிசையில் இருந்த வரதராஜா மாஸ்டர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். "பிள்ளை விமலா, பிளாஸ்ரிக் மாதிரியெல்லோ கிடக்கு. உது உண்மையா ஆயிரத்து நானூறோ?"

விமலாதேவி ஆந்தையைப் பார்த்தாள். தம்பி பெண்சாதியைப் பார்த்தாள். பிறகு மைக்கை உயர்த்தினாள்.

"பிளாஸ்ரிக்கோ? என்ன கதை மாஸ்டர், அசல் வெண்கலம்! என்ர தம்பி பெண்சாதி எனக்குச் செய்யாம ஆருக்குச் செய்வாள்?"

சொல்லிவிட்டுச் சிவனேஸ்வரியைக் கட்டிப் பிடித்தாள். அவளுடைய நகம் ஐந்தும் தோளில் இறங்கியது. சனம் முன்னதைவிடப் பலமாகக் கைதட்டியது.

சிவனேஸ்வரி இதை எதிர்பார்க்கவில்லை. துண்டு பொய் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இவ்வளவும் செய்தாள். சோற்றுக்கு வரிசையில் நின்றபோது கண் கலங்கியது. அப்போது வரதராஜா மாஸ்டர் பின்னால் வந்து, "வாற ஞாயிறு விமலா வீட்ட போய் அந்த வெண்கலத்தை ஆறுதலா ஒருக்காப் பாக்க வேணும்," என்று சொன்னார். சிவனேஸ்வரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

ஏனென்றால் ஆயிரத்து நானூறு டொலர் வெண்கலத்தை யாரும் குப்பையில் போட முடியாது.

மூன்றாம் நாள் விமலாதேவி தம்பியைக் கூப்பிட்டு அழுதாள். நித்திரை இல்லையாம். சிறிதரனுக்குக் காய்ச்சலாம்.

"இஞ்சாரும், பாவம் அக்கா," என்றார் அரியரத்தினம். "போய் எடுத்துக்கொண்டு வருவமே?"

"வாறன். பேனை முப்பத்தெட்டு டொலர் எண்டு நாலு பேருக்கு முன்னால ஒருக்காச் சொல்லட்டும். அண்டைக்கே எடுக்கிறன்."

"உமக்கு இவ்வளவு கோவம் வருமெண்டு எனக்குத் தெரியாதப்பா."

"எனக்கும் தெரியாது," என்று சொல்லிவிட்டுச் சிவனேஸ்வரி உலையில் அரிசியைப் போட்டாள்.

விமலாதேவி சொல்லவில்லை. ஆந்தை அவளுடைய வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் நடுத்தட்டில் இருக்கிறது. ஆட்கள் இல்லாத நேரத்தில் சுவரைப் பார்த்தபடி திருப்பி வைத்திருப்பாள். சிவனேஸ்வரி மாதத்தில் முதல் ஞாயிறு புருஷனோடு அங்கே போகிறாள், ஒரு மாதமும் விடுவதில்லை. கையில் வாழைப்பழம் கொண்டு போவாள், எல்லாரையும் சுகம் விசாரிப்பாள். அலுமாரிக்கு நேரே இருக்கிற கதிரையில் அமர்ந்து தேத்தண்ணியை வாங்கிக்கொள்வாள்.

"மச்சாள், ஒருக்கா இந்தப் பக்கம் திருப்பி விடுங்கோவன். வடிவாப் பாப்பம்."

விமலாதேவி எழும்பிப் போய்த் திருப்புவாள்.