காசிம் சாயபு வெட்டாத பனைகள்

காசிம் சாயபு இறந்துபோன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் பட்டை வண்டிக்காரர் சின்னராசு. வேலூர் ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் உயிர் பிரிந்திருக்கிறது. காட்பாடி ஸ்டேஷனில் சாயபுவின் மருமகனைப் பார்த்தவர்கள் சொல்ல, சேதி ஆம்பூர் வந்து சேர்ந்திருக்கிறது. "ரைட்டரே, நம்ப பாய் போய்ட்டாரு" என்று சின்னராசு தோல் ஷாப்பு வாசலிலிருந்தே கத்தினார். நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். பக்கத்து மேஜைக் குமாஸ்தா புதியவர். தலையைத் தூக்காமலே, "மலைல இருந்த அபூர்வப் பனையெல்லாம் வெட்டிச் சாச்சாரே, அவரா?" என்று கேட்டார்.

அன்று நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அடக்கத்திலும் அதே பேச்சு காதில் விழுந்தது. நேற்று நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர், "அன்னாரிடம் அந்த ஒரு குறை இருந்தது, ஆனாலும் நல்லவர்" என்று பெருந்தன்மையோடு மன்னித்து, தோள் துண்டையும் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் தலையாட்டியது. நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். சாயபுவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இப்போது சொல்கிறேன். அந்தப் பனைகளை அவர் வெட்டவில்லை. வெட்டச் சொல்லவும் இல்லை.

தோல் பதனிடும் எங்கள் ஷாப்பில் அவர் பட்டை மேஸ்திரி, நான் கடிதம் எழுதும் ரைட்டர். தோல் பதமாவது ஆவாரம்பட்டையால். ஜவ்வாது மலையிலிருந்து ஆலங்காயம் வழியாக வரும் பட்டைக் கட்டுகளை முறித்து, மோந்து, நாக்கில் வைத்துப் பார்த்துத் தரம் சொல்வது அவர் வேலை. உள்ளே ஈரப்பட்டையை மறைத்துக் கட்டியிருந்தால் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். பிறகு கட்டியவனுடைய ஏழு தலைமுறையையும் உருதுவில் நலம் விசாரிப்பார்.

அந்த மனிதருக்குக் காட்டுப் பனைகள் மேல் ஒரு பித்து. வயல் வரப்பில் நிற்கிற பனையை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். யாரும் நடாமல், யாரும் காவல் காக்காமல், மலையிடுக்கில் தானாக நிற்கிற அபூர்வ வகைகள்தான் அவருக்கு வேண்டும். ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் சாயங்காலமே புறப்பட்டுவிடுவார். ஜும்மாவை வழியில் எந்த ஊர்ப் பள்ளிவாசல் கிடைக்கிறதோ அங்கே தொழுதுகொள்வார். பனை தேடிப் போகிறார் என்றதும் ஊர் சும்மா இருக்குமா? "சாயபு கள்ளுக்குத்தான் போறாரு" என்று கிண்டல் செய்தார்கள். "கள்ளு வோணும்னா மலை எதுக்குடா? ஸ்டேஷன் பக்கத்துலயே கடை கீது" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருப்பார்.

பல வெள்ளிக்கிழமைகள் நானும் கூடப் போனேன். ஒருமுறை அமிர்திக் காட்டில் ஓர் ஓடைச் சரிவுக்குக் கூட்டிப் போனார். பிரித்துப் போட்ட ஜடைபோல் காய்க்கொத்துகள் தொங்க, ஒரு கூந்தற்பனை நின்றது. அவர் அதைச் சுற்றிவந்தார், அடிமரத்தில் உள்ளங்கையை வைத்தார், அவ்வளவுதான். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. வீட்டில் காட்டலாமென்று எட்டிய கொத்தில் ஒரு பிடி பழத்தைப் பறித்துக் கசக்கிவிட்டேன். அதன் சாறு பட்டால் அரிக்கும் என்பது எனக்குத் தெரியாது. சாயங்காலம் வரை கையைச் சொறிந்தபடி நடந்தேன். அவர் வழியெல்லாம் சிரித்தார். "பாக்க வந்தீங்களா, பறிக்க வந்தீங்களா ரைட்டரே? பாக்கறவனுக்கு அரிக்காது" என்றார்.

அவர் வாழ்க்கையை மாற்றிய பனை ஒரு பட்டைக் கட்டின்மேல் வந்தது. மலைக்காரர்கள் கட்டுகளைக் கொடியாலோ ஈச்ச ஓலையாலோ கட்டுவார்கள். ஒருநாள் ஒரே ஒரு கட்டு மட்டும் வேறொரு ஓலைக் கீற்றால் கட்டப்பட்டிருந்தது. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சாம்பல் பூசினாற்போல் வெளுப்பு. காய்ந்த பிறகும் ஒடியாமல் தோல்வார் போலச் சுருண்டது. "இது பனையும் இல்ல, ஈச்சையும் இல்ல" என்று அவர் அதை முழங்கையில் சுற்றிக்கொண்டு அன்று முழுதும் அலைந்தார். சென்னையில் செடிகொடி ஆராயும் ஒரு துரைக்கு என்னை எழுதச் சொன்னார். கீற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இலை, பூ, காய், மரம் நிற்கும் இடம் எல்லாம் தெரிந்தால் புதிய வகையா என்று பார்க்கலாம் என்று பதில் வந்தது. அதிலிருந்து ஐந்து வருஷம் ஒவ்வொரு வெள்ளியும் அந்த மரத்தைத் தேடினார். புதிய வகையென்றால் உங்கள் பெயரை வைப்பார்களாமே என்று ஒருநாள் கேட்டேன். "பேரு கிடக்குது. அது நிக்கிறதை ஒரு வாட்டி பாக்கணும்" என்றார்.

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆலங்காயத்தில் எங்கள் பட்டைக் காண்ட்ராக்டர் முனிரத்தினம் இருக்கிறார். மலையெல்லாம் அவர் ஆட்கள். அவரிடம் ஷாப்பு மூலமாகக் கேட்டால் ஒரே வாரத்தில் இடம் தெரிந்துவிடாதா என்றேன். சாயபுவின் முகம் மாறிவிட்டது. "ஷாப்பு பேரைச் சொல்லி மட்டும் கேக்காதீங்க. நாம கேட்டுக் கேட்டுத்தான் அடிவாரத்துல ஆவாரை ஒண்ணு பாக்கி இல்லாம போச்சு. அந்தப் பாவம் என் கையில ஜாஸ்தியாவே கீது" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

அந்த ஐப்பசியில் அவருக்கு விஷ ஜுரம் வந்தது. படுக்கையில் கிடந்தவர் ஜன்னியிலும் அந்த ஓலையைப் பற்றியே பேசினார். எழுந்து உட்காரும்போது மரம் இருக்கும் இடத்தைச் சொல்லி அவரை அசத்த வேண்டும் என்று நினைத்தேன். நட்புதான், இல்லையென்று சொல்லவில்லை. அவர் ஐந்து வருஷம் தேடியதை நான் ஐந்து நாளில் கண்டுபிடித்தேன் என்ற பெருமையும் அதில் இருந்தது. கீற்றில் ஒரு துண்டை எடுத்து, "இந்த மரம் எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லவும்" என்று ஒரு சீட்டு எழுதி முனிரத்தினத்துக்கு அனுப்பினேன்.

எங்கள் பட்டை வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ரகம் ஷாப்புக்குப் பிடித்துவிட்டால் அதில் ஒரு துண்டைச் சீட்டோடு சேர்த்துச் சிவப்பு நூலால் கட்டி, முத்திரை வைத்து அனுப்புவோம். இருப்பது முழுதும் எங்களுக்கு, வேறு ஷாப்புக்கு ஒரு பிடிகூடப் போகக் கூடாது என்று அதற்கு அர்த்தம். முனிரத்தினத்துக்குப் படிக்கத் தெரியாது, சந்தேகம் வந்தால்தான் யாரையாவது படிக்கச் சொல்லுவார். நூலையும் முத்திரையையும் பார்த்தே இருபது வருஷம் வியாபாரம் செய்தவர். நானோ, தினம் பத்துச் சீட்டு கட்டுகிற கை, அந்தச் சீட்டையும் சிவப்பு நூலால் கட்டி முத்திரை குத்திவிட்டேன். மலையை அழிக்க எனக்கு அவ்வளவு நேரம்தான் பிடித்தது.

சாயபு தடியூன்றிக்கொண்டு வேலைக்குத் திரும்பிய முதல் நாள், முனிரத்தினத்தின் வண்டி வந்து நின்றது. வண்டி நிறைய விசிறி விசிறியாக ஓலை. நடு நடுவே பிஞ்சுக் காய்க்குலைகள். முனிரத்தினம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உங்களுக்குத்தான் பாய், மொத்தத்தையும் கொண்ணாந்துட்டேன்" என்று சிரித்தார். சாயபு ஓர் ஓலையை எடுத்துத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். ஒரு பிஞ்சை நகத்தால் கீறினார். உள்ளே வெறும் தண்ணீர், விதை பிடிக்கவில்லை.

"ஒண்ணாவது வுட்டியா?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட வுடலை பாய். குருத்தோட எறக்கிட்டோம். சேப்பு நூலு கட்டி வந்துச்சே, வேற எவன் கைக்காவது போவ வுடுவேனா?"

சிவப்பு நூல் கட்டுகிறவன் ஷாப்பில் ஒருத்தன்தான். சாயபு என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வெள்ளி இருவரும் மலையேறினோம். முனிரத்தினத்தின் ஆள் வழிகாட்டினான். ஜுரத்தில் இளைத்தவர் நான்கு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். ஒரு பாறைப் பிளவில், தண்ணீர் கசியும் ஈரத்தில், மார்பளவு உயரத்தில் தலையில்லாத அடிமரங்கள் வரிசையாக நின்றன. மற்ற மரம் என்றால் பக்கத்தில் துளிர்க்கும். பனைக்கு இருப்பது ஒரே குருத்து. அவர் ஒவ்வொன்றிலும் கை வைத்துக்கொண்டே போனார். நான் ஓரமாக உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். அவர் வந்து என்னைத் தேற்றவில்லை.

ஓலையும் பிஞ்சும் சென்னைக்குப் போயின. இதுவரை யாரும் அறியாத வகையாக இருக்கலாம், ஆனால் முற்றிய காயும் நிற்கும் மரமும் இல்லாமல் பெயர் வைக்க முடியாது என்று துரை எழுதினார். கூடவே, காட்டிலாகா அனுமதியில்லாமல் வெட்டச் சொன்னது யார் என்றும் கேட்டிருந்தார். முதலாளிக்கும் அதே கேள்வி போயிருந்தது. ஷாப்பு முத்திரையைச் சொந்தக் காரியத்துக்கு எடுத்தவனுக்கு அன்றே சீட்டு கிழிந்துவிடும். என் மகள் கல்யாணத்துக்கு அப்போது நாள் குறித்திருந்தோம். சாயபு எதிரில் வந்து உட்கார்ந்து, "எழுதுங்க ரைட்டரே. கேட்டது நான்தான்னு எழுதுங்க" என்றார்.

"பாய், அது..."

"என்னை எடுத்துட்டா பட்டை பாக்க ஆள் கிடையாது, மொதலாளி பேஜாராயிடுவாரு. உங்களை எடுத்துட்டா நாளைக்கே வேற ரைட்டர். எழுதுங்க."

எழுதினேன். முத்து முத்தான என் கையெழுத்தில் அந்தப் பொய்யை எழுதி, கீழே அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லிக் காகிதத்தைத் திருப்பி வைத்தேன். ஒரு பட்டை வியாபாரியின் பேராசையால் அரிய பனையொன்று அழிந்தது என்று துரை பிற்பாடு எங்கோ அச்சில் எழுதினாராம். அந்தத் துரை ஜவ்வாது மலையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அது காற்றுவாக்கில் ஆம்பூருக்கும் வந்து சேர்ந்தது. அதன்பின் பதினோரு வருஷம், கடைத்தெருவில் சாயபு போகும்போது பின்னால் இருந்தவர்கள் பேசியதெல்லாம் எனக்குச் சேர வேண்டிய பேச்சு.

கல்யாணம் ஆகட்டும், சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஆயிற்று. பேரன் பிறக்கட்டும் என்று இருந்தேன். பிறகு காரணம் தேடுவதையும் விட்டுவிட்டேன். கோழைக்கு அதுகூடப் பழகிவிடுகிறது.

அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று நீங்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். என்னைக் காப்பாற்றினார், மன்னிக்கவில்லை. இரண்டும் ஒன்றென்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ரம்ஜானுக்கு வீட்டுக்கு அழைப்பார், என் மகளுக்குப் பிரசவமென்றால் ஓடி வருவார். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் ஷாப்பு மணி அடித்ததும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். ஒரே ஒருமுறை துணிந்து, "நானும் வரட்டுமா பாய்?" என்று கேட்டேன். "வாணாம் ரைட்டரே" என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, "எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லிடறேன் பாய்" என்றேன். "சொல்றவரா இருந்தா இத்தினி வருசத்துல சொல்லியிருப்பீங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்று காலை சென்னைக்கு எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். வெட்ட வைத்த சீட்டு என்னுடையது, நூல் என்னுடையது, பொய்யை எழுதிய கையும் என்னுடையது. அவர் பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, வாங்கிக்கொள்ளத்தான் அவர் இல்லை. அவருடைய நினைவாக நீங்கள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிஞ்சியிருப்பது, வியாழக்கிழமை சாயங்காலங்களில் என்னைக் கூப்பிடாமல் நடந்துபோன அவருடைய முதுகு. அதை நான் வைத்துக்கொள்கிறேன். அவரிடமிருந்து நான் சம்பாதித்தது அது ஒன்றுதான்.