இருபத்தெட்டு டிகிரி

பி.யு.சி.யில் இரண்டு முறை கோட்டை விட்டவன் நான். ஆனாலும் எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் டெஸ்டர் வேலை கிடைத்ததும், தினமும் காலையில் ஊருக்கே டிகிரி கொடுக்கிற ஆளாகிவிட்டேன். திருப்பாலைவனத்திலிருந்து பழவேற்காடு போகிற பஸ் ரோட்டில் எங்கள் ஊர். கோயில் குருக்களுக்குக் கிடைக்காத கும்பிடு எனக்குக் கிடைத்தது. குருக்கள் கொடுப்பது விபூதி. நான் கொடுப்பது விலை.

என் கையில் இருந்தது ஒரு கண்ணாடிக் குழல், அவ்வளவுதான். லாக்டோமீட்டர் என்று பெயர். அடியில் குண்டு இருக்கும், மேலே கோடு கோடாக எண்கள். பாலில் விட்டால் நின்றபடி மிதக்கும். பால் கெட்டியாக இருந்தால் எண் கூடுதலாகக் காட்டும், தண்ணீர் கலந்திருந்தால் குழல் ஆழமாக இறங்கி எண் குறையும். இருபத்தெட்டு டிகிரிக்குக் கீழே போனால் பாதி விலை. மூன்று முறை போனால் உறுப்பினர் அட்டை ரத்து; ஒரு வாரத்தில் எத்தனை நாள் போனாலும் ஒரு முறை என்றுதான் கணக்கு. இந்தச் சட்டத்தைச் சுவரில் ஒட்டியிருந்தோம். ஒட்டிய பசையை எலி தின்று, சட்டம் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

விலையை நிர்ணயிப்பது மெட்ராஸிலிருந்த பால் ஒன்றியம். கொழுப்புக்கு இவ்வளவு, மற்ற சத்துக்கு இவ்வளவு என்று சுற்றறிக்கை வரும். லிட்டருக்குச் சில பைசா ஏற்றியிருப்பார்கள். அதே வாரம் புண்ணாக்கு விலையும் ஏறியிருக்கும். சுற்றறிக்கை எங்களுக்கு முன்பே புண்ணாக்குக் கடைக்காரருக்குப் போய்விடுமோ என்று எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். எருமைக்கு ஆகிற செலவுக்கும் ஒன்றியம் கொடுக்கிற விலைக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருந்தது. எங்கள் ஊர் விவசாயிகள் அந்தப் பள்ளத்தைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி நிரப்பினார்கள்.

இதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. ஆறு லிட்டருக்கு ஒரு சொம்பு என்பது மரியாதையான அளவு. அதற்கு மேல் ஊற்றுகிறவர்கள் ஒரு பிடி சர்க்கரையும் போட்டு டிகிரியைத் தூக்கிக்கொள்வார்கள். நாக்கில் வைத்தாலே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய? அறுவடைக்கு அறுவடை அவர்கள் வீட்டு நெல் என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. இருபத்தாறு இருந்தால் இருபத்தெட்டு என்று எழுதுவேன். பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை இல்லை, அளவோடு இருக்கிறதா என்று பார்ப்பதுதான். நான் எழுதி முடித்த பிறகு, சொசைட்டிச் செயலாளர் தன் பங்குக்கு ஒவ்வொரு கேனிலும் பம்புசெட்டுத் தண்ணீர் ஒரு வாளி சேர்ப்பார். பெரிய மனுஷர், ஐம்பது காணி நிலம், நெற்றி நிறையப் பட்டை. அவர் சேர்க்கும்போது நான் பதிவேட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படி ஊரே ஒற்றுமையாக இருந்த காலத்தில், எண்பதுகளின் தொடக்கத்தில், அரசாங்கத்துக்கு மீனவர்கள் மேல் பாசம் பொங்கியது. கறவை எருமைத் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து, பழவேற்காட்டு உப்புநீர் ஏரிக்கு நடுவே தீவில் இருந்த குடும்பங்களுக்கு எருமை கொடுத்தார்கள். அந்தச் சுறுசுறுப்பில் எங்கள் ஊர் விவசாயிகளுக்கு வலை கொடுக்காமல் விட்டதே பெரிய விஷயம். மற்றவர்கள் எருமையை வந்த வேகத்தில் விற்றுவிட்டார்கள். ஒரே ஒரு அம்மா மட்டும் வைத்துக்கொண்டார். பாலைச் சொசைட்டிக்குத்தான் ஊற்ற வேண்டும், வெளியே விற்றால் எருமையைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அதனால் தினமும் விடிவதற்குள் கறந்து, படகில் பழவேற்காடு வந்து, பஸ் பிடித்து, ஒரு அலுமினியத் தூக்கோடு என் முன்னால் வந்து நிற்பார்.

அந்தம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என்னை 'சார்' என்பார், நான் 'நீ' என்பேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். செலவில்லாத பரிகாரம்.

முதல் நாள் அவர் பாலில் குழலை விட்டேன். முப்பத்தொன்று. குழல் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு குழலை விட்டேன். அதுவும் முப்பத்தொன்றுதான் சொன்னது. மூன்று வருடத்தில் தண்ணீர் கலக்காத எருமைப் பாலை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாருக்கும் முகம் சரியில்லை.

ஊற்றாமல் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. அவராகவே பேச்சுவாக்கில் சொன்னார். தீவில் மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு ஒரு குடம் நிரப்ப ஒரு மணி நேரம் ஆகும். முதல் இரண்டு குடம் எருமைக்கு. அது குடித்த மிச்சம்தான் வீட்டுக்கு. அப்படிப்பட்ட தண்ணீரைப் பாலில் யாராவது ஊற்றுவார்களா? அவர்கள் ஊரில் பாலைவிடத் தண்ணீர்தான் விலை உயர்ந்த சரக்கு.

அந்தப் பால் பணம் அவருக்கு எதற்கு என்பதும் எனக்குத் தெரியும். ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்று மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். பாடு என்று அதற்குப் பெயர். பாடு இல்லாத நாளில் வீட்டுக்காரர் சும்மாதான் உட்கார்ந்திருப்பார். இரண்டு பெண்கள் படகேறிப் பழவேற்காட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். மூத்தது ஒன்பதாவது. பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளைகள் படகேறியது எருமை தயவில்தான்.

சித்திரை வந்தது. ஏரியில் தண்ணீர் வற்றிப் படகு தரை தட்டும். ஆண்கள் இறங்கித் தள்ளி வர நேரமாகும், அதற்குள் பஸ் போய்விடும். இரண்டு நாள் அவர் பால் திரிந்து வந்தது. இரண்டு நாளும் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது நாள் என் அதிகாரத்தையும் கொஞ்சம் காட்டினேன்.

"கெடாம எடுத்துனு வர்றது உன் பொறுப்பு. எப்படினு என்னைக் கேக்காத."

அவர் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து பால் கெடவே இல்லை. படகு தாமதமானாலும், வெயில் பல்லைக் காட்டினாலும், தூக்கைத் திறந்தால் பால் புத்தம் புதிதாக, சில்லென்று இருந்தது. தீவுக் காற்று என்று நினைத்துக்கொண்டேன், புத்திசாலி. ஆனால் குழலை விட்டால் இருபத்திநாலு. பால் குளிர்ந்திருந்தால் எண் சற்றுக் கூடத்தான் காட்டும். அதையும் மீறி இறங்கியிருந்தது.

தண்ணீர் ஊற்றினாயா என்று கேட்டேன். கடல் மேல் சத்தியமாக ஊற்றவில்லை என்றார். பாதி விலை போட்டேன். மறு வாரம் மறுபடியும் இருபத்திநாலு, மறுபடியும் சத்தியம், மறுபடியும் பாதி விலை. வரிசையில் நின்ற பெரியவர்கள் உச்சுக்கொட்டினார்கள். காலம் கெட்டுவிட்டதாம். உச்சுக்கொட்டியவர்களில் ஒருவர் தூக்கில் அன்றைக்குக் கரையாத சர்க்கரை அடியில் கிடந்தது.

இதற்கு நடுவில் ஒன்றியத்திலிருந்து ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. உங்கள் சொசைட்டிக் கேன்களில் பால் தண்ணீராக இருக்கிறது, கலப்படம் செய்தவர் மேல் நடவடிக்கை எடுத்துப் பதில் எழுதவும், இல்லாவிட்டால் மொத்த சொசைட்டிக்கும் விலை குறையும் என்று. செயலாளர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "யாரையாச்சும் எழுதணும்பா" என்றார். ஊரில் அறுபது உறுப்பினர்கள். யாரை எழுதுவது என்று நாங்கள் இரண்டு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

மறு நாள் காலை உறுப்பினர்கள் எல்லாரையும் நிற்க வைத்து, அந்தம்மாவின் தூக்கை மேசை மேல் வைத்தோம். அன்றைக்கென்று படகு சீக்கிரம் வந்திருந்தது, பஸ்ஸும் உடனே கிடைத்திருந்தது. மூடியைத் திறந்தேன். பாலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்று மிதந்தது. பக்கத்தில் இரண்டு உமியும், மெல்லிசாக ஒரு எறா மீசையும்.

"இது இன்னா?" என்றேன்.

"ஐஸு சார்."

"பால்ல எதுக்கு ஐஸு?"

சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். எறா வியாபாரி கொட்டகையில் உமி போட்டு மூடி வைத்திருக்கும் உடைத்த ஐஸைக் கேட்டு வாங்கி வருகிறாராம். எறா, மீன், நண்டு, எதுவானாலும் மேலே ஐஸ் போட்டால் மெட்ராஸ் வரைக்கும் கெடாது. கெடாமல் கொண்டுவரச் சொன்னது நான்தானே? அவர் பரம்பரையில் எல்லாரும் எதைக் கெடாமல் வைத்தார்களோ அதை ஐஸ் போட்டுத்தான் வைத்தார்கள்.

"அது உருகினா இன்னா ஆவும்?" என்று கேட்டேன்.

"எறாவுன்னா தண்ணிய வடிச்சி, உதறிட்டு எடை போடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். தூக்கைப் பார்த்தார். பாலை வடிக்கவும் முடியாது, உதறவும் முடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கொட்டாங்குச்சியால் மொண்ட தண்ணீரை ஒரு சொட்டு ஊற்றாதவர், மூன்று வாரமாகப் பழவேற்காட்டு ஐஸைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மெட்ராஸில் யாரோ ஒரு மாமி விரதத்தன்று எறா வாசனையில் காபி குடித்திருப்பாள் என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு இன்னும் கூடியது. நானும் சிரித்தேன். சிரிக்கத்தக்க விஷயம்தான் அது, இப்போதும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தம்மா செய்ததில் ஒரு பாதி சரி. பாலைக் குளிர வைத்தால் கெடாது என்பதற்குத்தான் ஒன்றியம் அத்தனை இயந்திரங்களை வாங்கிக் குளிரூட்டும் நிலையம் கட்டி வைத்திருந்தது. ஐஸை உள்ளே போடாதே, ஒரு தொட்டியில் கொட்டித் தூக்கை அதற்குள் வை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காரியம் முடிந்தது. எனக்கு அது அந்த நிமிஷமே தோன்றியது. செயலாளருக்கும் தோன்றியிருக்கும், என்னைவிடக் கெட்டிக்காரர். நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் கடிதத்துக்குப் பதில் எழுத வேறு ஆள் தேட வேண்டும்.

சிரிப்பு அடங்கியதும் அந்தம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான் போட்டது ஐஸுனு சொல்லிட்டேன் சார். இவங்க ஊத்தறது இன்னானு நீ சொல்லு."

முதல் முறையாக என்னை 'நீ' என்றார். தூணைப் பிடித்திருந்தவர் இருமினார். நான் குழலை எடுத்துப் பாலில் விட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி "இருபத்திநாலு" என்று படித்தேன். பதிவேட்டில் 'நீர் கலப்படம், மூன்றாம் முறை' என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் அழகாக வந்தது. அட்டையை நீட்டச் சொன்னேன், நீட்டினார். எனக்குக் கேவலமாக இருந்தது. இருந்தும் அட்டையைக் கிழித்தேன்.

அட்டை போனால் பாலை விற்க வழியில்லை, எருமையைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். திட்டத்துக்காரர்கள் அதைக் குறைந்த விலைக்கு ஏலம் விட்டபோது எங்கள் செயலாளரே எடுத்தார். ஆனி மாதம் ஒரு நாள் காலை அந்தம்மாவே ஓட்டிக்கொண்டு வந்தார். படகுக்குப் பக்கத்தில் நீந்தியே ஏரியைத் தாண்டியதாம் எருமை. கரை ஏறியதும், நடுவில் படகு தரை தட்டி நின்றுவிட்ட இடத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றதாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தேன். என்ன தைரியம் பாருங்கள்.

"பெரிசு எறா உரிக்கப் போவுது. ஐஸு கொட்டகையிலதான்."

கயிற்றைச் செயலாளர் வீட்டு ஆளிடம் கொடுத்தார். எருமையின் கழுத்தைத் தட்டிவிட்டு, "நெறய தண்ணி காட்டுங்க, கேக்கும். உங்க ஊருல தண்ணிக்கு இன்னா பஞ்சம்" என்றார். பஸ் வரும்வரை ரோட்டோரம் தனியாக நின்றார். நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

மறு நாள் காலை செயலாளர் வீட்டுப் பால் வழக்கம்போல் முதலில் வந்தது. புது எருமைப் பாலைத் தனித் தூக்கில் அனுப்பியிருந்தார். குழலை விட்டேன். அது இறங்கி, இருபத்திநாலைத் தாண்டி இன்னும் இறங்கி, இருபத்தொன்றில் நின்றது. சரியாகப் பார்த்தேனா என்று இன்னொரு முறை விட்டுப் பார்த்தேன். பிறகு இருபத்தெட்டு என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.