ஏழில் ஒன்று

எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் ஒரே வரியில் பாடத்தை முடித்தார்: “புள்ளிக்கு அப்புறம் முடியாம, வந்ததே திரும்ப வராம போயிட்டே இருந்தா விகிதமுறா எண்.”

1/7 எந்த வகை என்று அவர் கொடுத்த கணக்குக்கு, துபாயிலிருந்து அத்தா அனுப்பிய கால்குலேட்டரில் ஒன்றை ஏழால் வகுத்தேன். 0.1428571. எந்த வரிசையும் திரும்பவில்லை. விகிதமுறா எண் என்று எழுதினேன்.

“பின்னத்தைப் போய் விகிதமுறாங்கிறா! துபாய் மெஷினு இருந்தா மூளை வேணாமா?” என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது. பின்னமெல்லாம் விகிதமுறு எண்தான் என்று அந்த மனிதர் ஒரு நாளாவது சொன்னாரா?

அய்யம்பேட்டை வீட்டில் ஆத்திரத்தோடு கையால் வகுத்தேன். திரையில் இடம் போதாமல் கால்குலேட்டர் நின்றுபோன இடத்தைத் தாண்டினால் அதே 142857 மறுபடி மறுபடி வந்தது.

வெள்ளிக்கிழமை அத்தா போனில், “கால்குலேட்டர் நல்லா இருக்காம்மா?” என்றார்.

“அதுல பாதிதான் தெரியுது. நீங்க எப்ப வருவீங்க?” என்று கத்தினேன்.