பாலிசி இல்ல, பாட்டன் பேரு

"பாலிசி இல்ல, பாலிசி இல்ல! பாட்டன் பேரு மட்டும் சொல்லுங்க, போயிருதேன்!"

தெருமுனையில் ஸ்கூட்டரின் வேகம் குறையும்போதே ஜெயசித்ரா அக்கா இப்படிக் கூவிவிடுவார். கூவாவிட்டால் கதவுகள் சாத்திக்கொள்ளும். இருபது வருடமாகச் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆயுள் காப்பீட்டு முகவர் அவர். அவர் வருவதைப் பார்த்து, குளிக்காதவர்களும் அவசரமாகக் குளிக்கப் போயிருக்கிறார்கள்.

பாட்டன் பேர் அவருடைய இன்னொரு வேலை. கூலி கிடையாது. நூறு வருடங்களுக்கு முன் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் மொரீசியசுக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகள், இணையத்தில் கிடைக்கும் பயணிகள் பட்டியலை அனுப்பி, "எங்கள் ஊர் எது, எங்கள் ஆட்கள் யார்?" என்று கேட்கிறார்கள். அக்கா ஊர் ஊராக விசாரித்துச் சொல்வார். பத்துப் பேர் கேட்டால் இரண்டு பேருக்குத்தான் பதில் கிடைக்கும்.

விசாரிக்கும்போது தலைக்கவசத்தைக் கழற்றவே மாட்டார். கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு வாசலிலேயே நிற்பார். "கழட்டுனா உட்காரச் சொல்லுவாவ. உட்காந்தா காப்பி தருவாவ. காப்பியக் குடிச்சிட்டா, அடுத்து பாலிசிதான் எடுக்கப் போறான்னு பயந்துருவாவ. அப்புறம் பாட்டன் பேரா வாயில வரும்?"

பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்க என்னைக் கூப்பிடுவார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான், எம்.ஏ. ஆங்கிலம். இந்தப் பெருமையை எல்லாரிடமும் சொல்லிவிடுவேன் என்பதால், இதுபோன்ற சம்பளமில்லாத வேலைகள் எனக்கு நிறைய வரும்.

இரண்டு வருடமாக அக்காவை வதைத்தது ஓர் ஆவுடையப்பன். இருபத்திரண்டு வயதில் நேட்டாலுக்குக் கப்பலேறியவர்; தகப்பன் பேர் வெயிலுமுத்து, ஊர் ராயகிரி என்று பட்டியலில் இருக்கிறது. அவருடைய கொள்ளுப்பேத்தி நிர்மலாதேவி, டர்பனில் ஓய்வுபெற்ற ஆசிரியை, சென்ற ஆண்டு ராயகிரிக்கே வந்து அக்காவோடு வீடு வீடாகப் போனார். எல்லாரும் டீ கொடுத்தார்கள். யாருக்கும் அப்படி ஒரு பெயர் தெரியவில்லை. டர்பன் திரும்பியதும் அவருடைய அப்பா, எண்பத்தெட்டு வயதுக்காரர், கேட்டது ஒன்றுதானாம்: "நம்மாளு ஒருத்தரையாவது பாத்தியா?" அதைச் சொல்லி நிர்மலாதேவி அழுத குரல்பதிவை அக்கா அழிக்கவில்லை. "அந்தப் பெரியவரு கண்ண மூடுததுக்குள்ள ஒரு பதில் சொல்லணும்லே" என்பார்.

இந்தத் தை மாதம் வாசுதேவநல்லூரில் ஒரு வீட்டில் இரண்டு பாலிசி. அண்ணனுக்கும் தம்பிக்கும். படிவத்தில் பிறந்த ஊரைக் கேட்டபோது அண்ணன் ராஜபாளையம் என்றான், தம்பி வாசுதேவநல்லூர் என்றான்.

"ஏலே, ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா அம்மாதான?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டிய! நான் தலைச்சன். அம்மா பிறந்தவீட்டுலதான் பொறந்தேன்."

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறியதுமே அக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டரத் தொற. ஆவுடையப்பனுக்கு மேலயும் கீழயும் யாரு இருக்கா பாரு."

பார்த்தேன். அடுத்த வரியிலேயே சுடலைமுத்து, வயது பதினெட்டு. தகப்பன் பேர் வெயிலுமுத்து. ஊர் மேலநீலிதநல்லூர். முன்பே பார்த்த வரிதான். ஊர் வேறு, ஆகவே ஆள் வேறு என்று தள்ளிவிட்டுப் போயிருந்தோம். தேடிப் பார்த்ததில், அந்தச் சுடலைமுத்து போன மூன்றாம் வருடமே, கல்யாணம் ஆகாமல், தோட்டத்தில் காய்ச்சலில் இறந்த பதிவும் கிடைத்தது. டர்பனில் அவரைப் பற்றி யாருக்கும் தெரியாமல் போனதில் வியப்பில்லை.

"எந்த ஊர்ல பொறந்தன்னு கப்பலாபீஸ் குமாஸ்தா கேட்டுருப்பான். மூத்தவன் உள்ளதச் சொல்லிட்டான், அம்மா ஊர. நாம என்னடான்னா பொண்ணெடுத்த ஊர்ல போயி பங்காளியத் தேடிருக்கோம்!" என்று அக்கா தலைக்கவசத்தோடு தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது.

அது உண்மையாக இருக்கலாம். வெறும் ஊகமாகவும் இருக்கலாம். மறுநாள் அவர் பின்னால் உட்கார்ந்து மேலநீலிதநல்லூர் போனேன். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதுதானே வழக்கம், ஆகவே வெயிலுமுத்து என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும் வீட்டைக் கேட்டோம். ஒரே ஒரு வீட்டைக் காட்டினார்கள். வாசலில் பாலம்மாள் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். காலமான அவர் கணவர் பெயர் வெயிலுமுத்து. மகன் இசக்கிராஜா மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அக்கா நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். இசக்கிராஜா துணியை உதறினான்.

"எதுக்குக்கா, இத்தன வருசம் கழிச்சுப் பங்கு கேக்கவா? நாலு மரக்கா வெதப்பாடு நெலந்தான் கெடக்கு. அதுவும் மானாவாரி."

"ஏலே, அவுக வீட்டுக் கார் ஷெட்டு ஒன் நாலு மரக்காலவிடப் பெருசு. நீ கேட்டா ஒனக்கு வேணும்னா அவுக பங்கு தருவாவ."

"அப்ப எதுக்கு வாராவ?"

"சும்மா, ஒன் மூஞ்சியப் பாக்கத்தாம்ல!"

பாலம்மாள் சிரிக்கவில்லை. சுளகைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, கப்பல்ல போனது ஒருத்தரா, ரெண்டு பேரா?"

"எதுக்கு மதினி கேக்கிய?"

"கோயில் கொடைக்கு மறுநாள் வீட்டுல படைக்கும்போது தனியா ரெண்டு இலை போடுவோம். கப்பலுக்குப் போனவுகளுக்குன்னு எங்க மாமியா போட்டா. அவளுக்கு அவ மாமியா சொல்லிருக்கா. பேரு தெரியாது, ஊரு தெரியாது. ஒரு வருசம், எதுக்கு ரெண்டு, ஒண்ணு போதுமேன்னு கேட்டேன். ரெண்டுதாம்னு அடிக்க வந்துட்டா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். டர்பன்காரர்களுக்குக்கூடத் தெரியாத அந்த இன்னொருவருக்கும் இந்த வீட்டில் இலை விழுந்துகொண்டிருந்திருக்கிறது.

"ரெண்டு பேருதான் மதினி. மூத்தவரு ஆவுடையப்பன். எளையவரு சுடலைமுத்து."

பாலம்மாள் இரண்டு பெயரையும் ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். இசக்கிராஜா துடைப்பதை நிறுத்திவிட்டு, "எனக்கு அவுக என்ன முறைம்மா?" என்றான்.

"அதெல்லாம் பெறவு பாப்போம்" என்ற பாலம்மாள் அக்காவிடம் திரும்பினார். "வைகாசில கொடை. அந்தப் புள்ளையும் அவ அப்பனும் வருவாகளா? இந்த வருசமாவது அந்த இலைல ஆளு உட்காந்து திங்கட்டும். கறி திம்பாகளான்னு மட்டும் கேட்டுச் சொல்லு, ஆடு சொல்லணும்."

அக்கா தாடைக்குக் கீழே கையை விட்டுக் கொக்கியை விடுவித்தார். தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் மல்லாக்க வைத்து, அதற்குள் ஸ்கூட்டர் சாவியைப் போட்டுவிட்டு, சுளகுக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.