நகராத பொருட்கள்

“அங்கிள், ஓரடி மேற்கால தள்ளி நில்லுங்க. வெளிச்சம் மறைக்குது.”

சொன்னவளுக்கு வயது ஒன்பது. தள்ளி நிற்க வேண்டியவர், வீட்டுப் பத்திரத்தை நகலெடுக்க வந்திருந்த ஓய்வுபெற்ற தாசில்தார். ஊரார் நிலத்துக்கெல்லாம் நான்கெல்லை எழுதிக் கையெழுத்துப் போட்ட மனிதர், மேற்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். எதற்கு வம்பு என்று கடைக்கு வெளியிலேயே போய் நின்றுகொண்டார்.

பீர்க்கன்கரணையில் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த ஒன்பது வயதுக்காரி ஷாயிஸ்தா அங்கே நான்காம் வகுப்பு. காலையில் மணி அடிப்பதற்கு முன் பத்து நிமிடமும், சாயங்காலம் அவள் அக்கா ஜெய்னப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து வரும்வரை அரை மணி நேரமும், என் கடை ஸ்டூல்தான் அவளுடைய ஆபீஸ். முன்பல் இரண்டு இல்லை. ஒரு சாக்ஸ் முழங்கால் வரை இருக்கும், இன்னொன்று ஷூவுக்குள் போய்ப் படுத்திருக்கும். பத்து விரலிலும் ஸ்கெட்ச் பேனா மை.

இடது, வலது என்ற பேச்சே அவளிடம் கிடையாது. “நீங்க திரும்பினா அது மாறிடும்க்கா. கிழக்கு மாறாது” என்பாள். கடைப் பூனையைத் தெற்கே போகச் சொல்லி விரட்டுவாள். டிபன் பாக்ஸைத் திறந்தால் ஊறுகாய் வடமேற்கு மூலையில் இருக்க வேண்டும். அவள் அம்மா ஒருநாள் மறந்துபோய் நடுவில் வைத்துவிட்டாராம். அதற்கு அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் ஒரு சாவிக்கொத்தால் வந்த வினை. அவள் அத்தா ஜாகிர் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். வேலைக்குப் போன ஏதோ ஒரு வீட்டில், பொத்தான் அளவு திசைகாட்டி வைத்த சாவிக்கொத்து ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அது கைக்கு வந்த முதல் வாரம் தெரு முழுக்க வழி சொல்லித் தீர்த்தாள். ஆனால் அந்த வாரம் பூராவும் வடக்கு அவளுடைய பென்சில் பெட்டி இருந்த பக்கமே இருந்தது. பெட்டியின் மூடியில் காந்தம். அவள் வகுப்பு ஆசிரியர் சவுரிமுத்து சார்தான் கண்டுபிடித்தார். வேறு பிள்ளையாக இருந்தால் கமுக்கமாக இருந்திருக்கும். இவள் பஃப்ஸ் கடைக்காரர், தாசில்தார், நான் என்று ஒருவர் விடாமல் வந்து, “போன வாரம் சொன்ன வடக்கு தப்பு. இப்ப சொல்றதுதான் கரெக்ட்” என்று திருத்திவிட்டுப் போனாள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. யார் எண்ணிக் கொடுத்தாலும் நம்ப மாட்டாள், திருப்பி எண்ணுவாள். பத்து காப்பி என்று நான் கொடுத்தால் விரலில் எச்சில் தொட்டு, என் கண் முன்னாலேயே எண்ணுவாள். ஒரே ஒரு முறை ஒன்பது இருந்துவிட்டது. அதிலிருந்து அவள் எண்ணி முடிக்கிற வரைக்கும் நானும் மனசுக்குள் கூடவே எண்ணுவேன்.

இப்படிப்பட்டவளுக்குக் கணக்கு தப்பு என்று சார் சொன்னால் எப்படி இருக்கும்?

சார் கொடுத்த பாடம் சாதாரணமானது. வீட்டிலிருந்து பள்ளிக்கு எத்தனை காலடி என்று எண்ணிக்கொண்டு வந்து வரைபடம் போட வேண்டும். நூறு அடிக்கு ஒரு புளியங்கொட்டையை ஒரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், எண்ணிக்கை மறக்காது. ஷாயிஸ்தாவும் அவள் வகுப்பு ஆல்வினும் ஒரே காம்பவுண்டு, சுவரை ஒட்டிய வீடு. ஆல்வின் பாக்கெட்டில் நான்கு கொட்டை. ஷாயிஸ்தா பாக்கெட்டில் பதினொன்று. எங்கேயோ தப்பாக எண்ணிவிட்டாய், நாளைக்கு மறுபடி எண்ணு என்று சார் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மறுபடி எண்ணினாள். மூன்று நாள் எண்ணினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் என் கடைக் கண்ணாடி மேல் பதினோரு கொட்டையைக் கொட்டிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சமாதானம் சொல்கிறேன் பேர்வழி என்று, ஆல்வின் வருகிற வழியில் நீயும் வரவேண்டியதுதானே என்று கேட்டுவைத்தேன். அழுகையை நிறுத்திவிட்டு, உலகம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

“அங்க மச்சானுங்க இருக்காங்கல்லக்கா.”

ஏரிக்கரைச் சந்தில், கால்வாய் மேல் ஒரு சின்னப் பாலம். அதன் கட்டைச் சுவரில், பள்ளிக்கூடம் போகிற நேரமும் விடுகிற நேரமும் மூன்று வாலிபர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரையொருவர் அவர்கள் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வதால், மூன்று பேருக்கும் பெயரே அதுதான் என்பது ஷாயிஸ்தாவின் முடிவு. விசில் அடிப்பார்கள். பாட்டு மாதிரி எதையாவது சொல்வார்கள். பைக்கைக் குறுக்கே நிறுத்திவிட்டு, பெண் பிள்ளைகள் ஒடுங்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குத் தெரியாதா? இவர்களுக்கு முன்னால் அங்கே வேறு மச்சான்கள் இருந்தார்கள். பத்து வருடமாக நானே என் ஸ்கூட்டியை மெயின் ரோடு சுற்றித்தான் ஓட்டி வருகிறேன். சுற்றுகிறோம் என்பதே மறந்துபோய், அதுதான் வழி என்று ஆகிவிட்டிருந்தது. வெட்கமாக இருந்தது எனக்கு.

போன மாதம் அந்தப் பாலத்தில் ஒருவன் ஜெய்னப்பின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவள் கத்தியிருக்கிறாள், மற்ற இருவரும் சிரித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் மெயின் ரோடு சுற்றித்தான் வருகிறார்கள். ஜெய்னப் எட்டாவது படிக்கிறாள். வீட்டில் கூடிப் பேசி, அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அவளைக் கோவளத்தில் பெரியம்மா வீட்டில் விட்டு அங்கேயே படிக்க வைப்பது என்று முடிவெடுத்தார்கள். மச்சான்களை எங்கேயாவது அனுப்பலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“கோவளம் தென்கிழக்குல இருக்குக்கா. ரெண்டு பஸ் மாறணும்” என்றாள் ஷாயிஸ்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “எங்க அக்காதான் போவணுமாம். அவங்க அங்கயே உக்காந்திருப்பாங்களாம்.”

மறுநாள் இதையே சாரிடமும் சொல்லிவிட்டாள். சவுரிமுத்து சார் எல்லாப் பிள்ளைகளின் வரைபடத்தையும் வாங்கி வகுப்புத் தரையில் வரிசையாகப் பரப்பியிருக்கிறார். ஏரிப் பக்கத்துப் பையன்களின் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தன. அதே தெருக்களிலிருந்து வருகிற பெண் பிள்ளைகளின் கோடுகள் அத்தனையும் முறுக்குப் பிழிந்தது போலச் சுற்றிக்கொண்டு வந்தன. சார் அன்று என் கடைக்கு வந்தபோது பேண்ட் முட்டியில் சாக்பீஸ் தூள் அப்படியே இருந்தது. “பதினாறு வருஷமா இந்தப் பாடம் எடுக்கறேன்மா. பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாத்ததே இல்ல” என்றார். ஷாயிஸ்தாவிடம் வகுப்பு முன்னால் மன்னிப்பும் கேட்டாராம். அவள் பெரிய மனது பண்ணிப் பரவாயில்லை என்றாளாம்.

அதன் பிறகு வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரே பெரிய சார்ட்டில் ஏரியா வரைபடம் போட்டார்கள். சாருடைய முதல் சட்டம் இது. நகராத பொருட்களை மட்டும்தான் வரைய வேண்டும். ரேஷன் கடை வாசலில் எப்போதும் படுத்திருக்கும் நாய் தள்ளுபடி ஆனது. ஆல்வின் பஜ்ஜி வண்டிக்காக உயிரைக் கொடுத்து வாதாடினான், சக்கரம் இருக்கிறது என்று அதையும் தள்ளிவிட்டார்கள். அப்போது ஷாயிஸ்தா எழுந்து, மச்சான்களை வரைய வேண்டும் என்றிருக்கிறாள். மனுஷன் நகருவானே என்று ஆல்வின் கேட்டதற்கு, ரேஷன் கடைகூட லீவு விடுகிறது, அவர்கள் விடுவதில்லையே என்று பதில் வந்தது.

சந்தேகத்தைத் தீர்க்கப் பையன்கள் ஒரு வாரம் அந்த வழியாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். காலை மூன்று, மாலை மூன்று. ஒருநாள் நல்ல மழை. மச்சான்கள் ஒரே குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதோடு ஆல்வின் தோல்வியை ஒப்புக்கொண்டான்.

வரைபடத்தின் மூலையில் குறியீட்டு விளக்கம்: தண்ணீர்த் தொட்டி 1, டிரான்ஸ்பார்மர் 1, அரச மரம் 2, மச்சான் 3. படத்தைச் சும்மா சொல்லக் கூடாது. முதல் மச்சானுக்கு நெற்றி மயிரில் மஞ்சள் சாயம், இரண்டாமவனுக்குச் சிவப்புச் செருப்பு, மூன்றாமவன் கையில் போன். பெண் பிள்ளைகள் வரும் நீளக் கோடு ஊதா நிறத்தில். பள்ளிச் சுவரில் ஈரம் என்பதால் சார்ட்டை என் கடைச் சுவரில் மாட்டினார்கள். ஏ-மூன்று காகிதத்தில் நகல் ஒன்றைத் தலைமையாசிரியை புகார்க் கடிதத்தோடு சேர்த்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து ஒரு பெண் காவலர் அந்த நகலோடு என் கடைக்கு வந்து, அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, வடக்கு எது என்று கேட்டார். ஷாயிஸ்தா முதலில் பென்சில் பெட்டியை எட்டத் தள்ளி வைத்தாள். பிறகுதான் சாவிக்கொத்தை எடுத்தாள்.

அன்றே ரேஷன் கார்டு நகலெடுக்க முனியம்மா வந்தார். ஏரிக்கரைச் சந்தில் பாதி மனை அவர் குடும்பத்துடையது. ஒரு காலத்தில் வயலாக இருந்தது, இப்போது வரிசையாக வாடகை வீடுகள். சுவர் வரைபடத்தில் மஞ்சள் மயிரைப் பார்த்ததும் கிட்டே போய்க் கண்ணை இடுக்கினார்.

“இன்னா பாப்பா இது? எம்புள்ள இன்னாத்துக்கு இதுல குந்திகினு கீறான்?”

அந்த மச்சான் அங்கேதான் உட்கார்ந்திருப்பார் என்று ஷாயிஸ்தா விளக்கினாள். ஊதாக் கோடு என்ன என்று முனியம்மா கேட்டார். ஸ்கேலை வைத்துத் தொட்டுத் தொட்டு, பெண் பிள்ளைகள் ஏன் பதினோரு கொட்டை தூரம் நடக்கிறார்கள் என்பதை அவள் சொல்லி முடித்தாள். துப்பட்டாவையும் விடவில்லை. முனியம்மா கொண்டையை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். ரேஷன் கார்டை என் மெஷின் மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அரை மணியில் மகனோடு திரும்பினார். மகனின் சட்டைக் காலர் அவர் கையில் இருந்தது.

“அழிச்சிடு பாப்பா,” என்றான் அவன், சுவரைப் பார்த்தபடி. “ஞாயித்துக்கெழம பொண்ணு வூட்ல வராங்கோ. இந்தப் பக்கமாத்தான் வருவாங்கோ.”

“நீங்க நகந்தாதான் அழிக்க முடியும். பத்து ஸ்கூல் நாள் அங்க இருக்கக் கூடாது. சார் ரூல்” என்றாள் ஷாயிஸ்தா. பிறகு ஏதோ சந்தேகம் வந்து, “உங்க பேரு மச்சான்தானே?” என்று கேட்டாள்.

அவன் உதயா என்று சொல்லித் தொலைத்துவிட்டான். பெயர் தெரிந்தால் எழுத வேண்டும் என்பதும் சாருடைய சட்டம். ஷாயிஸ்தா ஸ்டூல் மேல் ஏறி, மச்சான் 3 என்பதை மச்சான் 2 என்று திருத்தி, கீழே அழகான கையெழுத்தில் உதயா 1 என்று எழுதினாள். படத்திலிருந்து இறங்க வந்தவன் பெயரோடு ஏறிவிட்டான். நான் சிரிப்பை அடக்கக் காகிதக் கட்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

“அழிக்காத கண்ணு. அப்டியே கெடக்கட்டும்,” என்றார் முனியம்மா. “இவன் மேப்ப வுட்டு எறங்கட்டும். அப்பால பொண்ணு பாக்கலாம்.” என் கடை வாசலில் நின்றே பெண் வீட்டுக்குப் போன் போட்டு, இப்போதைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஜாகிரும் ஒருநாள் டூல்ஸ் பையோடு வந்து சார்ட்டின் முன்னால் நின்றார். ஊதாக் கோட்டின் மேல் விரலை வைத்து, வீட்டிலிருந்து பள்ளி வரைக்கும் மெதுவாக ஓட்டினார். தினமும் இவ்வளவு தூரமா என்று கேட்டார். “நானும் அக்காவும் அத்தா” என்றாள் ஷாயிஸ்தா. அவர் விரலை எடுக்க வெகு நேரம் ஆனது. பத்து நாள் பார்ப்போம், பாலம் காலியாகவே இருந்தால் கோவளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் நான்காம் வகுப்பில் இரண்டு அட்டெண்டன்ஸ் எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு ஒன்று, மச்சான்களுக்கு ஒன்று. முதல் நாள் உதயா மட்டும் ஆப்சென்ட். பெண் காவலர் பாலத்தருகே வந்து நிற்க ஆரம்பித்த மறுநாள் மூவருமே ஆப்சென்ட். ஷாயிஸ்தா அன்றையிலிருந்துதான் எண்ண ஆரம்பித்தாள். முதல் நாளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஆல்வின் கெஞ்சினான், நடக்கவில்லை. ஜெய்னப் இதிலெல்லாம் பட்டுக்கொள்ளவே இல்லை. வேறு வேலை இல்லையா உங்களுக்கு என்று சிடுசிடுத்துவிட்டு, தங்கையைக் கூட்டிக்கொண்டு பழையபடி மெயின் ரோடு சுற்றிப் போவாள். ஆனால் என் கடை வாசலில் நின்று சந்தின் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பிள்ளைக்குக் கோவளம் போக விருப்பமில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

பத்தாம் நாள் முடிந்து, மறுநாள் காலை. ஷாயிஸ்தா அன்று அத்தாவின் வண்டியில் சீக்கிரமே வந்துவிட்டாள். ஸ்டூல் மேல் ஏறி ரப்பரை எடுத்தாள். அப்போதுதான் கவனித்தேன். தொட்டி, டிரான்ஸ்பார்மர், மரம் எல்லாம் ஸ்கெட்ச் பேனா. மச்சான்கள் மூவரும் கலர் பென்சில். ஏன் என்று கேட்டேன். “நகந்தாலும் நகருவாங்கன்னுதான்க்கா” என்றாள்.

சிவப்புச் செருப்பு போனது. போன் போனது. மஞ்சள் மயிரை அவள் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஜெய்னப் வந்தாள். மெயின் ரோடு பக்கமிருந்து அல்ல, ஏரிக்கரைச் சந்திலிருந்து. லேசாக மூச்சு வாங்கியது. யாரையும் பார்க்காமல் நேராக வந்து, மூடியிருந்த கையை என் கடைக் கண்ணாடி மேல் வைத்துத் திறந்தாள். புளியங்கொட்டைகள். நான்கு.

ஷாயிஸ்தா ஸ்டூலிலிருந்து குதித்தாள். விரலில் எச்சில் தொட்டாள். கொட்டைகளைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அந்த விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு, எண்ணாமலே அத்தனையையும் வழித்துப் பென்சில் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.